பழைய கணினியில் புதிய இயங்குதளம்: முதன்முறை செய்பவருக்கான வழிகாட்டி

பல ஆண்டுகளாக வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் இயங்குதளத்தை மாற்ற வேண்டிய தேவை, கணினி பழுதாவதற்கு முன்பே வந்துவிடுகிறது. இயங்குதளத்தைத் தயாரித்தவர்கள் அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தருவதை ஒரு நாளில் நிறுத்திவிடுகிறார்கள். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 8.1க்கானது 2023 ஜனவரி 10 அன்றும், விண்டோஸ் 10க்கானது 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. அந்த நாளுக்குப் பிறகும் கணினி வழக்கம்போல் இயங்குவதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அதன் பின் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆளில்லை. சில காலம் கழித்து உலாவிகளும் கைவிட்டுவிடும். குரோம் உலாவியின் 109ஆம் பதிப்பே விண்டோஸ் 7இல் இயங்கிய கடைசிப் பதிப்பு. அதற்குப் பிறகு வந்த எதையும் அந்தக் கணினிகளில் நிறுவ முடியாது.

இயங்குதளத்தை நிறுவும் வேலை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். இந்த வேலையில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தவர்களில் அநேகமாக எல்லோருமே முந்தைய நாள் செய்திருக்க வேண்டியதைச் செய்யாமல் விட்டவர்கள்தான். அதனால் இந்தக் கட்டுரையிலும் பாதிக்கு மேல் ஆயத்தத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

கணினியை அறிந்துகொள்ளுங்கள்

எந்த இயங்குதளம் வேண்டும் என்று நாம் முடிவு செய்வதற்கு முன், எதை ஏற்க முடியும் என்பதைக் கணினியே சொல்லிவிடும். ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு பின்வருவனவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10இல் செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று, சிஸ்டம் என்பதன் கீழ் கடைசியாக உள்ள அபௌட் என்பதைத் திறந்தால், பிராசசரின் பெயரும், ரேம் அளவும், கணினி 32 பிட்டா 64 பிட்டா என்பதும் ஒரே பக்கத்தில் தெரியும். அங்கே இரண்டு செய்திகள் தனித்தனியாக இருப்பதைக் கவனியுங்கள்: இயங்குதளம் 32 பிட்டாக இருந்தாலும் பிராசசர் 64 பிட்டாக இருக்கலாம். முன்பு ரேம் குறைவாக இருந்த காலத்தில் பல கணினிகளில் 32 பிட் விண்டோஸ் நிறுவப்பட்டிருந்ததே இதற்குக் காரணம். பிராசசர் 64 பிட்டாக இருக்குமானால் கவலை இல்லை. புதிதாக நிறுவும்போது 64 பிட் இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

இன்டெல் கோர் வகைப் பிராசசரானால், பெயரில் உள்ள எண்ணைக் கொண்டு அதன் வயதை ஓரளவு கணித்துவிடலாம். ஐ5-3470 என்றிருந்தால் நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கம் 3. எனவே அது மூன்றாம் தலைமுறை. ஐ5-8250 என்று தொடங்கினால் எட்டாம் தலைமுறை. ஐந்து இலக்கங்கள் இருந்தால் முதல் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஐ5-10210 என்பது பத்தாம் தலைமுறை. இந்த எண் முக்கியமானது, ஏனெனில் விண்டோஸ் 11க்கான எல்லைக்கோடு, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையில்தான் போடப்பட்டிருக்கிறது.

அடுத்து, தொடக்கத் தேடல் பெட்டியில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால், பயாஸ் மோட் என்ற வரியில் லெகஸி என்றோ யூஇஎஃப்ஐ என்றோ எழுதியிருக்கும். பயாஸ் என்பது கணினியை இயக்கியதும் இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரல்; லெகஸி அதன் பழைய முறை, யூஇஎஃப்ஐ புதிய முறை. அந்த வரியையும், செக்யூர் பூட் (நம்பகமான இயங்குதளத்தை மட்டுமே தொடங்கவிடும் பாதுகாப்பு வசதி) ஸ்டேட் என்ற வரியில் உள்ளதையும் குறித்துக்கொள்ளுங்கள். வன்தட்டின் மொத்த அளவையும், அதில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதையும், அது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டியா என்பதையும் சேர்த்துக் குறித்தால் இந்தப் பகுதி முடிந்தது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் ஒன்றைக் கொண்டு வன்தட்டின் உடல்நிலையையும் பார்த்துவிடுவது நல்லது. அது எச்சரிக்கை காட்டினால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள்.

எதை நிறுவுவது?

விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பவை இவை: ஒரு கிகாஹெர்ட்ஸ் வேகமும் குறைந்தது இரண்டு கோர்களும் கொண்ட, மைக்ரோசாஃப்டின் பட்டியலில் உள்ள 64 பிட் பிராசசர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், யூஇஎஃப்ஐயும் செக்யூர் பூட் வசதியும், டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு. 4 ஜிபி ரேமில் அது நிறுவப்படும் என்பது உண்மைதான். நிறுவிய பிறகு நிம்மதியாக வேலை செய்ய 8 ஜிபியாவது வேண்டும் என்பதும் உண்மைதான். மைக்ரோசாஃப்ட் தரும் பிசி ஹெல்த் செக் என்ற சிறு மென்பொருளை இயக்கினால், உங்கள் கணினி இந்தச் சோதனையில் தேறுமா என்பதையும், தேறாவிட்டால் எதில் தவறுகிறது என்பதையும் அது சொல்லிவிடும்.

டிபிஎம் இல்லை என்று அது சொன்னால் உடனே மனம் தளர வேண்டாம். எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான கணினிகள் பலவற்றில் அந்த வசதி பிராசசருக்குள்ளேயே இருக்கும்; பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவே. இன்டெல் கணினிகளில் அது பிடிடி என்ற பெயரிலும், ஏஎம்டி கணினிகளில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் காணப்படும். அதை இயக்கிச் சேமித்துவிட்டு மீண்டும் சோதித்துப் பாருங்கள். பிராசசரே பழையது என்று சொன்னால் அதற்கு அதிகாரபூர்வமான மாற்று வழி கிடையாது.

இந்தச் சோதனைகளை ஏமாற்றி, தகுதியில்லாத கணினியிலும் விண்டோஸ் 11ஐ நிறுவும் வழிகள் இருக்கின்றன. ரூஃபஸ் என்ற மென்பொருளில் அதற்கென்றே ஒரு தெரிவு உண்டு. நான் அதைப் புதியவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. அத்தகைய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்பதற்கு உறுதி எதுவும் தர மாட்டோம் என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. புதுப்பிப்பு வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடும் என்னும்போது, அதே பிரச்சினையை வேறு வாசல் வழியாக வீட்டுக்குள் அழைத்துவருவதில் பொருளில்லை. 2024இன் பிற்பகுதியில் வந்த பதிப்பு சில பழைய பிராசசர்களில் தொடங்கவே மறுத்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தகுதி பெறாத கணினிகளுக்கு லினக்ஸ் குடும்பத்து இயங்குதளங்களே பொருத்தமானவை. விண்டோஸ் பழகியவர் எளிதில் ஒட்டிக்கொள்ளக்கூடியது லினக்ஸ் மின்ட். கீழே இடப்பக்கம் பட்டி, அதை அழுத்தினால் நிரல்களின் பட்டியல், வலது மூலையில் கடிகாரம் என்று அதன் தோற்றம் அந்நியமாகத் தெரியாது. அதன் 22ஆம் பதிப்பு வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. அதிலேயே சின்னமன், மேட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று வகைகள் இருக்கின்றன. 8 ஜிபி ரேம் இருந்தால் சின்னமன், 4 ஜிபி மட்டுமே இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிடவும் வலுக்குறைந்த கணினிக்கு லுபுண்டு இருக்கிறது. உலாவியைத் தவிர வேறெதையும் திறக்காத ஒருவருக்கான கணினி என்றால், கூகுள் 2022இல் வெளியிட்ட குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸும் போதும். அதற்கு 4 ஜிபி ரேமும் 16 ஜிபி இடமும் இருந்தால் சரி.

பிராசசரே 32 பிட் என்றால் தெரிவுகள் மிகவும் சுருங்கிவிடும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையும் மின்டும் 32 பிட் பதிப்புகளைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற மற்றொரு லினக்ஸும் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியை விட்டுவிட்டது. அத்தகைய கணினியில் உழைப்பைச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

லினக்ஸுக்கு மாறுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: விண்டோஸில் மட்டுமே இயங்கும் எந்த மென்பொருள் இல்லாமல் உங்களால் முடியாது? கணக்கு எழுதும் மென்பொருள், அச்சு வடிவமைப்பு மென்பொருள், பழைய ஸ்கேனர் ஒன்றை இயக்கும் நிரல் என்று ஏதாவது ஒன்று இருக்கக்கூடும். வேர்டு, எக்செல் கோப்புகளை லிப்ரெஓபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் திறக்கும் என்றாலும், அட்டவணைகளும் படங்களும் நிறைந்த ஆவணங்களில் வரிகள் இடம்மாறக்கூடும். வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் கேட்டுப் பட்டியல் போட்டுவிட்டு முடிவெடுங்கள். முடிவெடுக்க அவகாசம் தேவைப்படுபவர்களுக்கு, விண்டோஸ் 10க்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புகள் பெறும் திட்டம் ஒன்றையும் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது; தனிப்பட்ட பயனர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை என்று சொல்லப்பட்டது. அது மாற்றத்தைத் தள்ளிப்போடும் வழி மட்டுமே.

வன்பொருளில் செய்யத் தகுந்தவை

பழைய கணினியின் மந்தத்துக்கு இயங்குதளத்தைவிட ஹார்ட் டிஸ்க்கே பெரும்பாலும் காரணமாக இருக்கும். சுழலும் தட்டு நொடிக்கு நூறு, நூற்றைம்பது எம்பி அளவில் படிக்கும்போது, சாதாரண சாட்டா வகை எஸ்எஸ்டி நொடிக்கு ஐந்நூறு எம்பியைத் தொடும்; சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் இந்த இடைவெளி இன்னும் பல மடங்காகும். எனவே இயங்குதளத்தை எப்படியும் புதிதாக நிறுவப்போகிறோம் என்றால், அதே வேளையில் எஸ்எஸ்டியையும் மாற்றிவிடுவது மிகுந்த பயன் தரும். இதில் இன்னொரு வசதியும் உண்டு: கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க் எதுவும் அழியாமல் அப்படியே கையில் இருக்கும். ஏதாவது தவறினால் அதைத் திரும்பப் பொருத்தினால் போதும், கணினி பழைய நிலைக்கு வந்துவிடும்.

ரேம் வாங்குமுன் வகையைச் சரிபாருங்கள். டிடிஆர்3 பொருந்தும் இடத்தில் டிடிஆர்4 நுழையாது. மடிக்கணினிக்கான ரேம் அட்டையும் மேசைக்கணினிக்கானதும் நீளத்தில் வேறுபடும்.

பலரும் மறந்துவிடும் சிறு பொருள், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி. கணினியை அணைத்துவிட்டு மறுநாள் திறக்கும்போது தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடுகிறது என்றால் அந்த பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தவறாக இருந்தால், புதிய இயங்குதளத்திலும் இணையதளங்கள் பாதுகாப்பற்றவை என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும்; புதுப்பிப்புகளும் இறங்காமல் போகலாம்.

கோப்புகளைக் காப்பாற்றுதல்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். ஆவணங்கள், படங்கள், வீடியோக்கள், டவுன்லோட்ஸ் கோப்புறை ஆகியவற்றை எவரும் மறப்பதில்லை. மறக்கப்படுபவை வேறு. உலாவியில் சேமித்த புக்மார்க்குகளும் கடவுச்சொற்களும் அவற்றில் முதன்மையானவை. உலாவியில் கணக்கு ஒன்றில் உள்நுழைந்து ஒத்திசைவை இயக்கியிருந்தால் அவை அங்கே பத்திரமாக இருக்கும். இல்லாவிட்டால் கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும். கடவுச்சொற்களை அப்படி ஏற்றுமதி செய்யும் கோப்பை யார் திறந்தாலும் படிக்க முடியும் என்பதால், புதிய இயங்குதளத்தில் இறக்குமதி செய்த உடனேயே அதை அழித்துவிடுங்கள்.

மின்னஞ்சலை உலாவியில் படிப்பவர்களுக்குக் கவலை இல்லை. அவுட்லுக், தண்டர்பேர்டு போன்ற மென்பொருளில் படிப்பவர்கள், அது பாப் முறையில் அமைக்கப்பட்டதா ஐமேப் முறையில் அமைக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பாப் முறை என்றால், அஞ்சல்கள் சேவையகத்திலிருந்து நீக்கப்பட்டு உங்கள் கணினியில் மட்டுமே தங்கியிருக்கக்கூடும். அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பையோ தண்டர்பேர்டின் புரொஃபைல் கோப்புறையையோ முழுமையாகப் படியெடுக்காமல் வன்தட்டை அழித்தால், பல ஆண்டுக் கடிதங்கள் ஒரே சொடுக்கில் போய்விடும். கணக்கு மென்பொருள்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்; அவை தரவுகளைத் தமக்கென்று ஒரு கோப்புறையில் வைத்திருக்கும் என்பதால், அந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் பேக்கப் வசதியைப் பயன்படுத்துவது மேல்.

தமிழில் நெடுங்காலமாகத் தட்டச்சு செய்துவருபவர்களுக்குத் தனியாக ஒரு சொல். யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள் உங்களிடம் இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகவே தெரியும். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் பகுதியிலிருந்து அந்த எழுத்துருக் கோப்புகளையும் படியெடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸிலும் அவற்றை நிறுவிக்கொள்ள முடியும். ஓய்வு கிடைக்கும்போது, எழுத்துரு மாற்றிகளைக் கொண்டு அந்த ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நிலையான தீர்வு.

படியெடுக்கும் முறையைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதன்முறை நான் இந்த வேலையைச் செய்தபோது, டெஸ்க்டாப்பில் இருந்த எல்லாவற்றையும் பென் டிரைவுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, பெயர்கள் எல்லாம் அங்கே தெரிவதைப் பார்த்துத் திருப்தியடைந்து வன்தட்டை அழித்துவிட்டேன். பிறகு திறந்து பார்த்தபோதுதான், அவற்றில் பல வெறும் குறுக்குவழிச் சின்னங்கள் என்பதும், உண்மையான கோப்புகள் வேறொரு கோப்புறையில் இருந்து அழிந்துபோனதும் தெரிந்தது. மூலையில் சிறு வளைந்த அம்புக்குறி உள்ள சின்னம் கோப்பு அல்ல. கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் பலகைதான். அன்றிலிருந்து, படியெடுத்த கோப்புறையை வேறொரு கணினியில் செருகி, ஒவ்வொரு கோப்புறையிலிருந்தும் நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போகிறேன்.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே போன்ற ஒரு பொறி இருக்கிறது. கோப்பின் பெயருக்கு அருகில் மேகச் சின்னம் இருந்தால் அந்தக் கோப்பு இணையத்தில்தான் இருக்கிறது, கணினியில் இல்லை. அந்தக் கணக்கின் கடவுச்சொல் உங்களுக்குத் தெரியுமா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு இடங்களிலாவது படிகள் இருப்பது நல்லது: ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், மற்றொன்று இணையச் சேமிப்பிலோ வேறொரு கணினியிலோ.

கோப்புகளோடு சேர்த்து எடுத்து வைக்க வேண்டியவை இன்னும் மூன்று. ஒன்று, விலை கொடுத்து வாங்கிய மென்பொருள்களின் உரிம எண்கள். இரண்டு, உங்கள் கணினி மாதிரிக்கான வைஃபை டிரைவர், அதாவது வைஃபை வன்பொருளை இயக்கும் நிரல். விண்டோஸ் 11இன் ஹோம் பதிப்பை நிறுவும்போது இணைய இணைப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கப்படும் என்பதால், வைஃபை வேலை செய்யாவிட்டால் அங்கேயே நின்றுவிடுவீர்கள். மூன்று, விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் வன்தட்டு பூட்டப்பட்டிருந்தால் அதற்கான 48 இலக்க மீட்பு எண். பயாஸில் எதையாவது மாற்றினால் கணினி அந்த எண்ணைக் கேட்கக்கூடும். அப்போது அந்த எண் அதே கணினிக்குள் ஒரு கோப்பாகக் கிடந்தால் பயனில்லை.

பென் டிரைவைத் தயாரித்தல்

குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். விண்டோஸ் 11 என்றால், மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி இயக்கினால் அதுவே மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். லினக்ஸ் என்றால், அந்தந்த இயங்குதளத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது நிறுவத் தேவையானவை அனைத்தும் அடங்கிய ஒற்றைக் கோப்பை, இறக்குங்கள்.

ஐஎஸ்ஓ கோப்பை வெறுமனே பென் டிரைவுக்குள் நகலெடுத்துப் போட்டால் கணினி அதிலிருந்து தொடங்காது. அதற்கென்று உள்ள ரூஃபஸ், எட்சர் போன்ற மென்பொருளைக் கொண்டுதான் எழுத வேண்டும். எழுதுமுன், இறக்கிய கோப்பு முழுமையாக இருக்கிறதா என்று ஷா256 எனப்படும் 64 எழுத்துச் சரிபார்ப்புக் கோவையை ஒப்பிட்டுப் பாருங்கள். பாதியில் அறுந்த இணைப்பால் குறைபட்ட கோப்பை வைத்துக்கொண்டு கணினியின் மேல் குறை சொல்பவர்கள் நிறையப் பேர்.

பென் டிரைவிலிருந்து தொடங்குதல்

பென் டிரைவைச் செருகிவிட்டுக் கணினியை இயக்கி, தயாரிப்பாளரின் பெயர் திரையில் தோன்றும் அந்தச் சில நொடிகளுக்குள் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் பட்டியலுக்கான விசையை விட்டு விட்டு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவோ, ஏசர் கணினிகளில் பெரும்பாலும் அது எஃப்12. ஹெச்பியில் எஸ்கேப் விசையை அடுத்து எஃப்9. ஏசூஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப், அதன் மதர்போர்டுகளில் எஃப்8. ஏசர் கணினிகள் சிலவற்றில் எஃப்12 பட்டியல் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். எஃப்2 வழியாக பயாஸுக்குள் சென்று அதை இயக்க வேண்டும். பட்டியலில் பென் டிரைவின் பெயர் இரண்டு முறை தோன்றினால் யூஇஎஃப்ஐ என்று முன்னொட்டு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பழைய கணினியில் அது இல்லாவிட்டால் மற்றதையே பயன்படுத்தலாம்.

லினக்ஸ் மின்ட்டைத் தேர்ந்தவர்களுக்கு இங்கே ஓர் அருமையான வாய்ப்பு உண்டு. எதையும் நிறுவாமலேயே, பென் டிரைவிலிருந்தே முழு இயங்குதளமும் திறந்துவிடும். உடனே நிறுவும் சின்னத்தை அழுத்திவிடாமல், ஒரு மணி நேரம் அதில் உலவுங்கள். வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, வெப்கேம் தெரிகிறதா, மடிக்கணினியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, அச்சுப்பொறி அச்சிடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பென் டிரைவிலிருந்து இயங்குவதால் வேகம் குறைவாக இருக்கும். அதை வைத்து மதிப்பிட வேண்டாம்.

நிறுவுதல்

தொடங்குமுன் இரண்டு செயல்கள். மடிக்கணினியானால் மின்னிணைப்பைச் செருகுங்கள். அதைவிட முக்கியமானது, காப்புப்படி உள்ள வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிடுங்கள். நிறுவும் திரையில் எல்லா வட்டுகளும் பெயரில்லாமல் வெறும் எண்களாகவும் அளவுகளாகவும் வரிசையாக நிற்கும்போது, தவறான ஒன்றை அழிப்பதற்கு ஒரு கணம் போதும்.

விண்டோஸ் 10இலிருந்து 11க்குச் செல்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. இருப்பதன் மேலேயே ஏற்றினால் கோப்புகளும் மென்பொருள்களும் தங்கிவிடும். செட்டிங்ஸில் உள்ள விண்டோஸ் அப்டேட் வழியாகவோ இன்ஸ்டலேஷன் அசிஸ்டென்ட் மூலமாகவோ இதைச் செய்யலாம். சி டிரைவில் போதிய இடமும், தொடர்ந்து அறுபடாத இணைப்பும் வேண்டும். மற்றொரு வழி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுவது. ஐந்தாறு ஆண்டுகளாகப் பல மென்பொருள்களை ஏற்றியும் நீக்கியும் வந்த கணினியானால் இரண்டாம் வழியே சிறந்தது என்பேன். விண்டோஸ் 7இலிருந்து நேராக 11க்கு வருபவர்களுக்கும், 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு வருபவர்களுக்கும் இந்த வழி ஒன்றுதான் உண்டு. விண்டோஸ் 7, 8 உரிம எண்களைக் கொண்டு இலவசமாக மேம்படுத்தும் வழியை 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது என்பதால், அவர்கள் புதிய உரிமம் ஒன்றை வாங்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே உரிமத்துடன் விண்டோஸ் 10 ஓடிய கணினியில் உரிம எண் கேட்கும்போது, எண் இல்லை என்பதைத் தேர்ந்து தொடரலாம். இணையத்தில் இணைந்ததும் அதுவே கணினியை அடையாளம் கண்டுகொள்ளும். ஹோம், புரோ என்னும் பதிப்பு மட்டும் முன்பிருந்ததாகவே இருக்க வேண்டும்.

லினக்ஸ் மின்ட்டில், நிறுவும் சின்னத்தை அழுத்தியதும் மொழி, விசைப்பலகை, இணையம் ஆகியவற்றைக் கேட்டபின் ஒரு முக்கியமான திரை வரும். வட்டை முழுவதும் அழித்து நிறுவுவது, விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவுவது, பிரிவுகளை நாமே அமைப்பது என்று தெரிவுகள் இருக்கும். மூன்றாவதைப் புதியவர்கள் தொடாமல் இருப்பது நல்லது. விண்டோஸையும் வைத்துக்கொள்ள விரும்பினால் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு முன் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் கணினி முழுமையாக அணைவதில்லை என்பதால், லினக்ஸிலிருந்து விண்டோஸ் பிரிவில் எழுத முடியாமல் போகும். பிட்லாக்கர் இருந்தால் அதையும் நீக்கிவிட்டுத் தொடங்க வேண்டும். ஆதரவு முடிந்த விண்டோஸை ஒரு மூலையில் வைத்துக்கொள்பவர்கள், அதில் இணையத்தைத் திறக்காமல் இருப்பதே பொருத்தம்.

பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும்போது, அந்தக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். லினக்ஸில் மென்பொருள் ஏற்றவும் புதுப்பிக்கவும் ஒவ்வொரு முறையும் அது கேட்கப்படும்.

நிறுவிய பின்

முதல் வேலை புதுப்பிப்பு. விண்டோஸில் அப்டேட் பகுதியைத் திறந்து, இனி எதுவும் இல்லை என்று சொல்லும்வரை ஏற்றி, மறுதொடக்கம் செய்து, மீண்டும் பாருங்கள். டிரைவர்களில் பெரும்பகுதி அந்த வழியாகவே வந்துவிடும். டிரைவர்களைக் கண்டுபிடித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் இலவச மென்பொருள்களை ஏற்ற வேண்டாம். கிடைக்காத டிரைவரைக் கணினித் தயாரிப்பாளரின் தளத்தில் மாதிரி எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். மின்ட்டில் அப்டேட் மேனேஜரும் டிரைவர் மேனேஜரும் இதே வேலைகளைச் செய்யும். என்விடியா வரைகலை அட்டையோ பிராட்காம் வைஃபையோ உள்ள கணினிகளில் டிரைவர் மேனேஜரைக் கட்டாயம் திறந்து பாருங்கள். அங்கேயே டைம்ஷிஃப்ட் என்ற வசதியை அமைத்துவிட்டால், பின்னாளில் ஏதேனும் புதுப்பிப்பு தகராறு செய்தால் முந்தைய நிலைக்குத் திரும்பிக்கொள்ளலாம். அது இயங்குதளத்தின் கோப்புகளை மட்டுமே காப்பாற்றும். உங்கள் படங்களும் ஆவணங்களும் அதில் அடங்கமாட்டா.

தமிழில் தட்டச்சு செய்ய, விண்டோஸ் 11இல் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்து, விசைப்பலகையாகத் தமிழ் 99ஐயோ ஒலிபெயர்ப்பு முறையையோ தேர்ந்தெடுக்கலாம். மின்ட்டில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் என்ற தொகுப்பையும் சேர்த்தால் இவ்விரண்டும் கிடைக்கும். எழுத்துகள் சரியாக வருகின்றனவா என்று உலாவியிலும் லிப்ரெஓபிஸிலும் தனித்தனியாகச் சோதித்துப் பாருங்கள்.

விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்திருந்தால், உங்களைக் கேட்காமலேயே வட்டுக் குறியாக்கம் இயங்கியிருக்கக்கூடும். பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் அதைப் பார்த்து, மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள்.

இரண்டு இயங்குதளங்களையும் வைத்திருப்பவர்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது கடிகாரம் சில மணி நேரம் முன்னும் பின்னும் தாவுவதைக் காணலாம். மதர்போர்டின் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் படிப்பதால் வருவது இது. பேட்டரி தீர்ந்ததாக எண்ண வேண்டாம். லினக்ஸையும் உள்ளூர் நேரத்தைப் படிக்குமாறு அமைத்துவிட்டால் சரியாகிவிடும்.

பென் டிரைவை எடுத்த பின் கணினி கறுப்புத் திரையோடு, தொடங்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை என்று சொன்னால், பயாஸில் பூட் வரிசையைப் பாருங்கள். பழைய வட்டையே அது இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம். வட்டு அங்கே பட்டியலிலேயே இல்லை என்றால் எஸ்எஸ்டியின் இணைப்பை ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். வட்டு தெரிந்தும் தொடங்கவில்லை என்றால், பெரும்பாலும் பென் டிரைவை லெகஸி முறையில் தொடங்கி நிறுவிவிட்டு, பயாஸில் யூஇஎஃப்ஐ மட்டும் என்று அமைத்திருப்பீர்கள். ஆரம்பத்தில் தாளில் எழுதி வைத்த பயாஸ் மோட் வரி இப்போது உதவும்.

விண்டோஸ் 10இன் மேல் 11ஐ ஏற்றியவர்களுக்குப் பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம் இருக்கிறது. பழைய இயங்குதளம் விண்டோஸ்.ஓல்டு என்ற கோப்புறையில் காத்திருக்கும். இடம் அடைக்கிறது என்று அந்தப் பத்து நாளுக்குள் அதை நீக்கிவிடாதீர்கள். வட்டை மாற்றியவர்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கின் மேல் தேதியை எழுதி ஒட்டி, குறைந்தது இரண்டு மாதம் அழிக்காமல் வைத்திருங்கள். எப்போதாவது மட்டும் திறக்கும் ஏதோ ஒரு கோப்பு படியெடுக்காமல் விடுபட்டிருப்பது அதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும்.